இங்கிலாந்து வீட்டின் ரிங் சர்க்யூட்டில் கூடுதல் சாக்கெட்டுகள் அமைத்தல்: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்து வீடுகளில் 13 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு மின்சாரம் தரும் 32 ஆம்பியர் ரிங் சர்க்யூட்டில் புதிய சாக்கெட்டுகளைச் சேர்ப்பது எப்படி என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே இவ்வழிகாட்டி விளக்குகிறது. தமிழ்நாட்டில் வயரிங் பழகி இங்கு வந்தவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அங்கே போர்டிலிருந்து கிளம்பும் கம்பி கடைசி பாயிண்டில் முடிந்துவிடும். இங்கே அது எல்லாச் சாக்கெட்டுகளையும் சுற்றிவிட்டு, புறப்பட்ட எம்.சி.பி.க்கே (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) திரும்பி வருகிறது.

ரிங்கில் ஏதோ ஓரிடத்தில் கம்பி விட்டுப்போனாலும் எந்தச் சாக்கெட்டும் நின்றுவிடாது. மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். கெட்டில் கொதிக்கிறது என்பதை வைத்து வேலை சரியாக முடிந்தது என்று முடிவுசெய்ய முடியாது. ஆகவே வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பதைத் தவிர்க்கவே முடியாது.

கன்ஸ்யூமர் யூனிட்டின் (வீட்டின் எம்.சி.பி.கள் இருக்கும் மின்பெட்டி) மூடியைத் திறந்து அளக்கும் பயிற்சி இல்லாதவர்கள், என்.ஐ.சி.ஈ.ஐ.சி. அல்லது நாப்பிட் போன்ற அமைப்பில் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் அந்தப் பகுதியை முன்கூட்டியே பேசி ஒப்படைத்துவிட வேண்டும். பிறர் செய்து முடித்த வேலைக்குப் பின்னால் வந்து சான்றளிக்கப் பலரும் ஒப்புக்கொள்வதில்லை.

1. சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பாருங்கள்

கட்டட விதிகளின் பகுதி பி (Part P), வீட்டு மின்வேலைகளைக் கட்டுப்படுத்துகிறது. 2013இல் வந்த மாற்றத்துக்குப் பின், இங்கிலாந்தில் ஏற்கெனவே உள்ள சர்க்யூட்டில் சாக்கெட் சேர்ப்பதை உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டியதில்லை. குளியலறை போன்ற சிறப்பு இடங்களில் செய்யும் வேலை மட்டும் இதற்கு விலக்கு. புதிய சர்க்யூட் இழுப்பதும் கன்ஸ்யூமர் யூனிட்டை மாற்றுவதும் அறிவிக்க வேண்டியவை. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு விதிகள் வேறு.

அறிவிக்கத் தேவையில்லை என்பதால் விதிகளுக்கு உட்படத் தேவையில்லை என்று கொள்ளக் கூடாது. வேலை பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற கடமை எல்லா வேலைக்கும் உண்டு, பி.எஸ். 7671 என்ற வயரிங் தரவிதியைப் பின்பற்றுவதே அதை நிறைவேற்றும் வழக்கமான வழி. வாடகை வீடு என்றால், சுவரில் கை வைப்பதற்கு முன் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

2. பழைய அமைப்பு தாங்குமா என்று முதலில் பாருங்கள்

புதிய சாக்கெட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சாதனம்) பாதுகாப்பு தேவை. சுவரின் மேற்பரப்பிலிருந்து 50 மி.மீ.க்குக் குறைவான ஆழத்தில் புதைக்கும் சாதாரண கேபிளுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். நாளை யாராவது படம் மாட்ட ஆணி அடித்தால் உயிர் காப்பது அதுதான். பழைய யூனிட்டில் ஆர்.சி.டி. இல்லையெனில், அந்தச் சர்க்யூட்டின் எம்.சி.பி.க்குப் பதிலாக அதே தயாரிப்பாளரின் பொருத்தமான ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.டி.யும் சேர்ந்த சாதனம்) ஒன்றை அமைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் கம்பி கட்டும் பழைய பலகை இருந்தால், சாக்கெட்டுகளை விட்டுவிட்டு முதலில் அதைப் பற்றி யோசியுங்கள்.

எர்த் இணைப்பையும், கேஸ், தண்ணீர்க் குழாய்களை எர்த்தோடு இணைக்கும் பாண்டிங் கம்பியையும் பார்க்க வேண்டும். நீங்கள் சேர்ப்பது ஒரே ஒரு சாக்கெட்டாக இருந்தாலும், அது நம்பியிருக்கும் எர்த் போதுமானது என்று உறுதிசெய்யும் பொறுப்பு உங்களுடையது.

அடுத்தது சுமை. 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் என்பது சுமார் 7.4 கிலோவாட். சாக்கெட் கூடுவதால் மட்டும் சுமை கூடுவதில்லை; ஒரே நேரத்தில் எத்தனை கருவிகள் ஓடும் என்பதே கேள்வி. கெட்டில், வாஷிங் மெஷின், டிரையர் மூன்றும் ஒரே ரிங்கில் இருந்தால் அது ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கலாம். மின்சாரக் கார் சார்ஜர், குக்கர், பெரிய வாட்டர் ஹீட்டர் ஆகியவற்றுக்குத் தனிச் சர்க்யூட் வேண்டும்; அவற்றுக்காக ரிங்கை நீட்டக் கூடாது.

3. கையில் இருக்க வேண்டியவை

2.5 சதுர மி.மீ. ட்வின் அண்ட் எர்த் கேபிள் (ஃபேஸ், நியூட்ரல், வெற்று எர்த் மூன்றும் ஒரே உறையில் இருப்பது), சாக்கெட்டுகள், பேக் பாக்ஸ்கள் (சாக்கெட்டின் பின்னால் சுவரில் பதியும் பெட்டிகள்), பச்சை-மஞ்சள் ஸ்லீவ், ரப்பர் க்ரோமெட் (பெட்டித் துளையின் விளிம்பு கேபிளைக் கிழிக்காமல் காக்கும் வளையம்) ஆகியவை பொருள்கள். பேக் பாக்ஸை 25 மி.மீ. ஆழத்தில் வாங்கிவிட்டுப் பின்னர் நான்கைந்து கம்பிகளை அதற்குள் திணிக்கப் படாதபாடு படுபவர்கள் அதிகம். சுவர் இடங்கொடுத்தால் 35 மி.மீ. ஆழமுள்ளதையே வாங்குங்கள்.

கருவிகளில் மூன்று இன்றியமையாதவை: இருமுனை வோல்ட்டேஜ் இண்டிகேட்டர், அதைச் சோதிக்கும் புரூவிங் யூனிட், எம்.சி.பி.யைப் பூட்டிவைக்கும் பூட்டு. அளவைகளுக்கு மல்டிஃபங்ஷன் டெஸ்டர் தேவை. சாதாரண மல்டிமீட்டர் 0.05 ஓம் வேறுபாட்டை நம்பத்தக்கதாகக் காட்டாது; 500 வோல்ட்டில் இன்சுலேஷனையும் சோதிக்காது. கம்பியைத் தொடாமலே ஒலி எழுப்பும் பேனா டெஸ்டரை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

4. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள்

உரிய எம்.சி.பி.யை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டதென்று எம்.சி.பி.யை மேலே தள்ளிவிடுவது நடக்கக்கூடியது. கன்ஸ்யூமர் யூனிட்டைத் திறப்பதாக இருந்தால் மெயின் சுவிட்சையே அணைக்க வேண்டும். அப்போதும் மெயின் சுவிட்சுக்குள் வரும் முனைகளில் மின்சாரம் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. கூரையில் சோலார் பலகையோ வீட்டில் பேட்டரியோ இருந்தால் அவற்றையும் தனியே துண்டியுங்கள்.

பிறகு இண்டிகேட்டரைப் புரூவிங் யூனிட்டில் சோதித்து, சாக்கெட்டில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் ஆகிய மூன்றையும் பார்த்து, மீண்டும் புரூவிங் யூனிட்டில் சோதியுங்கள். கடைசிச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் கருவி பழுதாகியிருந்தால் அதுவும் மின்சாரம் இல்லை என்றே காட்டும்.

நீங்கள் கழற்றப்போகும் சாக்கெட்டையே சோதிக்க வேண்டும். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துச் சாக்கெட்டுகள் வெவ்வேறு ரிங்குகளில் இருப்பது அரிதன்று.

5. அது ரிங்தானா, முழு ரிங்தானா என்று அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். மற்ற எல்லாப் பிழைகளும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. சாக்கெட்டின் பின்னால் இரண்டு கேபிள் இருந்தால் ரிங், ஒன்று இருந்தால் ஸ்பர் (ரிங்கிலிருந்து பிரியும் கிளை), மூன்று இருந்தால் ரிங்கிலிருந்து கிளை பிரிகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஊகம் மட்டுமே. ரேடியல் சர்க்யூட்டின் (திரும்பி வராமல் கடைசிச் சாக்கெட்டில் முடிவது) நடுவிலுள்ள சாக்கெட்டிலும் இரண்டு கேபிள் இருக்கும். ஸ்பர் ஒன்றிலிருந்து யாரோ முறையின்றி இன்னொரு ஸ்பர் எடுத்திருந்தாலும் இரண்டு இருக்கும்.

உறுதியாக அறிய, கன்ஸ்யூமர் யூனிட்டில் அந்தச் சர்க்யூட்டின் இரு முனைகளையும் கழற்றி, ஃபேஸின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். ஃபேஸ் அளவும் நியூட்ரல் அளவும் ஏறக்குறைய ஒன்றாக, 0.05 ஓமுக்குள், இருக்க வேண்டும். வழக்கமான 2.5 சதுர மி.மீ. கேபிளுக்குள் இருக்கும் எர்த் கம்பி 1.5 சதுர மி.மீ. என்பதால், எர்த் அளவு அதைப்போல் சுமார் 1.67 மடங்கு வரும்.

2.5 சதுர மி.மீ. கம்பியின் தடை மீட்டருக்கு 7.41 மில்லி ஓம், 1.5க்கு 12.1 மில்லி ஓம். 60 மீட்டர் ரிங்கில் ஃபேஸ் சுமார் 0.44 ஓம், நியூட்ரல் 0.44, எர்த் 0.73 என்று வரும். எதுவும் காட்டாமல் தொடர்பின்றி இருந்தால் ரிங் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அது ரிங்கே அன்று.

அறுந்த ரிங்கில் புதிய சாக்கெட் சேர்க்கக் கூடாது. 32 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பின்னால் 2.5 சதுர மி.மீ. கேபிளை அனுமதிப்பதே, மின்னோட்டம் இரு வழிகளாகப் பிரியும் என்ற நம்பிக்கையில்தான். ஒரு வழி அடைபட்டால் அந்தக் கேபிள் தன் தகுதிக்கு மேல் சூடாகும், எம்.சி.பி. விழாது. எனவே பழைய பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

அளந்த எண்களை எழுதி வையுங்கள். வேலை முடிந்த பின் அவற்றோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

6. ஸ்பர் போதுமா, ரிங்கை நீட்ட வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

ஃபியூஸ் இல்லாத ஸ்பர் என்பது ரிங்கில் உள்ள ஒரு சாக்கெட்டிலிருந்து ஒரே கேபிளில் கிளை எடுப்பது. அதில் ஒற்றையோ இரட்டையோ ஒரே ஒரு சாக்கெட்தான் இருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைத் தொடர்வது நான் அடிக்கடி காணும் தவறு. அந்த ஒற்றைக் கேபிளுக்கு மேலே இருப்பது 32 ஆம்பியர் எம்.சி.பி. மட்டுமே, இரண்டு இரட்டைச் சாக்கெட்டுகளில் மூன்று ஹீட்டர் செருகினால் கேபிளைக் காக்க எதுவும் இல்லை. ஒரு ரிங்கில் உள்ள இத்தகைய ஸ்பர்களின் எண்ணிக்கை, ரிங்கில் நேரடியாக இணைந்துள்ள சாக்கெட்டுகள் மற்றும் நிலையான கருவிகளின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது.

ஃபியூஸ் உள்ள ஸ்பர் வேறு. கிளையின் தொடக்கத்தில் 13 ஆம்பியர் ஃபியூஸ் கொண்ட யூனிட் ஒன்றை வைத்துவிட்டால் அதன் பின்னால் எத்தனை சாக்கெட் வேண்டுமானாலும் தொடரலாம். ஆனால் அவை எல்லாம் சேர்ந்து 13 ஆம்பியருக்கு மேல் இழுக்க முடியாது. கணினி, ரவுட்டர், தொலைக்காட்சி, மேசை விளக்கு என்று எண்ணிக்கை பெரிதாகவும் சுமை சிறிதாகவும் உள்ள இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. சமையலறைக்கு இது உதவாது.

இரண்டுக்கு மேற்பட்ட சாக்கெட்டுகள் வேண்டும், அவற்றில் கனமான கருவிகளும் ஓடும் என்றால் ரிங்கையே நீட்டுங்கள். அடுத்தடுத்துள்ள இரண்டு சாக்கெட்டுகளுக்கு இடையிலுள்ள கேபிளை நீக்கி, முதல் சாக்கெட்டிலிருந்து புதியவை வழியாக இரண்டாவதற்குக் கேபிள் ஓட்டுவது தூய்மையான வழி. அது இயலாவிட்டால் ஒரே சாக்கெட்டிலிருந்து போகவும் வரவும் இரண்டு கேபிள் இழுக்கலாம். அங்கே ரிங்கின் ஒரு காலை (சாக்கெட்டில் சேரும் இரு கேபிள்களில் ஒன்றை) மட்டும் முனையிலிருந்து கழற்றி, அதைப் புதிய கேபிளின் தொடக்கத்துடன் கனெக்டரில் சேர்க்க வேண்டும். புதிய சாக்கெட்டுகளைச் சுற்றித் திரும்பி வரும் கேபிள், கழற்றிய காலின் இடத்தில் பழைய சாக்கெட்டின் முனையில் அமரும்.

இங்கே புதியவர்கள் பழைய இரண்டு கால்களையும் முனையிலேயே விட்டுவிட்டு, புதிய இரண்டு கேபிளையும் அதே முனையில் சேர்த்துத் திருகிவிடுகிறார்கள். அப்போது ரிங்கோடு ஒட்டிய இன்னொரு ரிங் உருவாகி, எட்டு என்ற எண்ணின் வடிவில் சர்க்யூட் அமையும். எல்லாம் வேலை செய்யும். ஆனால் பிற்காலத்தில் யார் அளந்தாலும் எண்கள் குழப்பும், ஒரு கால் அறுந்தாலும் தெரியாமல் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மின்னோட்டம் இரு கால்களிலும் சமமாகப் பிரிவது ரிங்கின் நடுவில் மட்டுமே. கன்ஸ்யூமர் யூனிட்டுக்கு மிக அருகில், ரிங்கின் பத்தில் ஒரு பங்கு தூரத்தில் 26 ஆம்பியர் சுமையைக் குவித்தால், குறுகிய காலில் மட்டும் 23 ஆம்பியருக்கு மேல் ஓடும். கனமான கருவிகளுக்கான சாக்கெட்டுகளை முடிந்தவரை ரிங்கின் நடுப்பகுதியில் சேர்ப்பதற்கு இதுவே காரணம்.

7. கேபிளின் பாதையை வகுத்துச் சுவரை வெட்டுங்கள்

சுவருக்குள் கேபிள் தன் விருப்பப்படி குறுக்கே செல்லக் கூடாது. சாக்கெட்டிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, அல்லது நேர் பக்கவாட்டில் செல்லலாம். கூரையிலிருந்து 150 மி.மீ. வரையிலும், இரு சுவர்கள் சேரும் மூலையிலிருந்து 150 மி.மீ. வரையிலும் உள்ள பட்டைகளிலும் செல்லலாம். சாக்கெட்டைப் பார்த்தவுடன் கேபிள் எங்கே இருக்கும் என்று பிறர் ஊகிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். மூலைவிட்டமாக வெட்டிக் கேபிளை மிச்சம் பிடிப்பது இன்னொருவர் உயிருக்கு வைக்கும் பொறி.

செங்குத்து வெட்டு சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடைமட்ட வெட்டு ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழமாகக் கூடாது. 100 மி.மீ. சுவரில் கிடைமட்டத்துக்கு 16 மி.மீ.தான் கிடைக்கிறது, எனவே தரைப்பலகைக்குக் கீழிருந்து செங்குத்தாக ஏறுவதே நல்லது. சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பெட்டி வைக்காதீர்கள். பழைய சாக்கெட்டுக்கு அருகில் வெட்டும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் பழைய கேபிளும் ஏறியிருக்கும்.

மர உத்தரங்களில் துளையிடும்போது மேல்விளிம்பிலிருந்தும் கீழ்விளிம்பிலிருந்தும் குறைந்தது 50 மி.மீ. தள்ளி, உயரத்தின் நடுவில் இடுங்கள். தரைப்பலகைக்கு அடிக்கும் ஆணி அந்த ஆழத்தை எட்டாது.

வெப்பக்காப்புப் பஞ்சைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. ரிங்கில் கேபிள் குறைந்தது 20 ஆம்பியர் தாங்க வேண்டும். சுவர்ப்பூச்சில் நேரடியாகப் பதிந்த 2.5 சதுர மி.மீ. கேபிள் 27 ஆம்பியர் தாங்கும். மேல்தளத்தில் கூரைப்பலகையின்மேல் கிடந்து 100 மி.மீ.க்கு மேற்பட்ட பஞ்சால் மூடப்பட்டால் அதே கேபிள் 17 ஆம்பியர்தான் தாங்கும். முழுதும் பஞ்சால் சூழப்பட்டால் 13.5தான். கேபிளைப் பஞ்சின் மேலே கொண்டு செல்லுங்கள், அல்லது வேறு பாதை தேடுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, புதிய வீடுகளுக்கான விதி தரையிலிருந்து 450 முதல் 1200 மி.மீ. வரை என்கிறது. பழைய வீட்டில் ஏற்கெனவே உள்ளவற்றோடு வரிசையாக வைக்கலாம். ஆனால் குனிய முடியாத முதியவர்கள் இருந்தால் 450க்கு மேலே வைப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி. சமையலறைத் தொட்டியின் விளிம்பிலிருந்து 300 மி.மீ.யாவது தள்ளி அமையுங்கள்.

8. புதிய பக்கத்தை முடித்த பின்பே பழையதைத் தொடுங்கள்

புதிய பெட்டிகள், கேபிள், புதிய சாக்கெட்டுகள் என எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பழைய ரிங்கோடு சேர்ப்பதை இறுதியில் செய்யுங்கள். அதனால் வீட்டில் மின்சாரம் நிற்கும் நேரம் குறையும். புதிய கேபிளைத் தனியாக இன்சுலேஷன் சோதனை செய்யவும் முடியும். ஆணியில் கிழிந்த கேபிளைப் பூச்சு பூசுவதற்கு முன் கண்டுபிடிக்க இதுவே தருணம்.

கேபிளின் வெளியுறை பெட்டிக்குள் வரும் வரை இருக்க வேண்டும். உலோகப் பெட்டியின் துளையில் க்ரோமெட் இல்லாமல் கேபிளை நுழைக்கக் கூடாது. வெற்று எர்த் கம்பி முழுவதற்கும் ஸ்லீவ் போடுங்கள். சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து உலோகப் பெட்டிக்கு ஒரு சிறு எர்த் கம்பியும் கொடுங்கள்.

2006க்கு முந்தைய வயரிங்கில் ஃபேஸ் சிவப்பாகவும் நியூட்ரல் கறுப்பாகவும் இருக்கலாம். புதிய கேபிளில் அவை பழுப்பும் நீலமும். சிவப்போடு பழுப்பு, கறுப்போடு நீலம் சேர வேண்டும். திருகை இறுக்கிய பின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே இழுத்துப் பாருங்கள். மூன்று கம்பிகள் ஒரே முனையில் இருக்கும்போது நடுக்கம்பி மட்டும் பிடிபடாமல் நிற்பதுண்டு. தளர்ந்த முனை சூடாகிக் கருகும்.

பூச்சுக்குள்ளோ தரைக்கடியிலோ மறைந்துபோகும் இணைப்புகளில் திருகு வகை ஜங்ஷன் பாக்ஸ் பயன்படுத்தக் கூடாது. திருகு காலப்போக்கில் தளரும், அங்கே யாரும் சென்று இறுக்க முடியாது. பராமரிப்பு தேவைப்படாதது என்று சான்று பெற்ற வகையை அதற்குரிய உறையோடு பயன்படுத்துங்கள்.

9. மீண்டும் அளந்த பின்பே மின்சாரம் கொடுங்கள்

முதலில் கருவிகள் அனைத்தையும் சாக்கெட்டுகளிலிருந்து பிடுங்கிவிட்டு, முனைக்கு முனை அளவையைத் திரும்பச் செய்யுங்கள். முந்தைய உதாரணத்தில் போக 8, வர 8 என 16 மீட்டர் கேபிள் சேர்த்திருந்தால், ஃபேஸ் 0.44லிருந்து சுமார் 0.56 ஓமுக்கும் எர்த் 0.73லிருந்து 0.92க்கும் ஏற வேண்டும். எண் மாறவே இல்லை என்றால் புதிய கேபிள் ரிங்கில் சேரவில்லை. ஒரு கிளையாகத் தொங்குகிறது.

அடுத்து, ஒரு முனையின் ஃபேஸை மறுமுனையின் நியூட்ரலோடும், எஞ்சியவற்றையும் அவ்வாறே குறுக்காகவும் இணைத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஃபேஸ்-நியூட்ரல் அளக்க வேண்டும். இரு அளவுகளின் கூட்டுத்தொகையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது இங்கே 0.28 ஓம், எல்லாச் சாக்கெட்டிலும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஸ்பரில் உள்ள சாக்கெட் மட்டும் அதன் நீளத்துக்கு ஏற்பக் கூடுதலாகக் காட்டும். ரிங்கைச் சுற்றி நகர நகர எண் ஏறியிறங்கினால் குறுக்கிணைப்பு தவறு: ஒரே காலின் ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்துவிட்டன. ஃபேஸ்-எர்த்தையும் இவ்வாறே அளந்தால், முனைகள் மாறிய சாக்கெட் இருந்தால் அதுவும் இங்கே அகப்படும்.

இன்சுலேஷன் சோதனை 500 வோல்ட்டில். 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. நல்ல புதுக் கேபிள் இதைவிடப் பல மடங்கு காட்டும் என்பதால், 2 அல்லது 3 மெகா ஓம் வந்தால் தேர்ச்சி என்று மகிழாமல் காரணத்தைத் தேடுங்கள். யூ.எஸ்.பி. வசதியுள்ள சாக்கெட் இருந்தால் இந்தச் சோதனையின்போது அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

எல்லா முனைகளையும் திரும்ப இணைத்து மூடியைப் போட்ட பிறகு மின்சாரம் கொடுத்து, எர்த் லூப் இம்பீடன்ஸை (ஃபேஸிலிருந்து எர்த் வழியாகத் திரும்பும் பாதையின் மொத்தத் தடை) அளக்க வேண்டும். பி (B) வகை 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அதிகபட்சம் 1.37 ஓம், குளிர்ந்த நிலையில் அளப்பதால் 1.1 ஓமுக்குள் இருப்பதே பாதுகாப்பு. இறுதியாக 30 மில்லி ஆம்பியரில் ஆர்.சி.டி.யைச் சோதியுங்கள், அது 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும். அதன் டெஸ்ட் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

10. எழுத்தில் வையுங்கள்

ஏற்கெனவே உள்ள சர்க்யூட்டில் செய்த சேர்க்கைக்கு மைனர் ஒர்க்ஸ் சான்றிதழ் எழுத வேண்டும். எந்தச் சர்க்யூட், எந்தப் பாதுகாப்புச் சாதனம், அளந்த எண்கள் என்ன என்பவை அதில் இடம்பெறும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் இதைக் கேட்பதுண்டு. பழைய அமைப்பில் கண்ட குறைகளையும் அதற்குரிய இடத்தில் எழுதிவிடுங்கள். சுவரைப் பூசுவதற்கு முன் கேபிள் செல்லும் பாதையை அளவுநாடாவோடு படம் எடுத்து, சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். அடுத்து அந்தச் சுவரில் துளையிடப்போகிறவருக்கு அது தேவைப்படும்.